வாசிப்பு வாரத்தின் வெற்றியை இரவல் ஏடு சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் நெருங்கினால் மலேசியத் தமிழ்ப்பள்ளி நூல்நிலையங்களில் திடீர்ச் சுறுசுறுப்பு தென்படும். அம்மாதம் 2ஆம் தேதி அனைத்துலகச் சிறுவர் நூல் நாள். டென்மார்க் கதாசிரியர் ஆண்டர்சனின் பிறந்த நாளை ஒட்டி 1967 முதல் கொண்டாடப்படுகிறது. 23ஆம் தேதி, யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாள். இரண்டுக்கும் இடையில் ஒரு வாரத்தை வாசிப்பு வாரமாகப் பிடித்து, பதாகை அடித்து, பிரமுகரை அழைத்து, மாறுவேடப் போட்டி வைத்து, பரிசுக்கூடை கொடுத்து முடித்துவிடுகிறோம். தங்கள் நாளிதழுக்கும் படம் அனுப்புகிறோம். அந்தப் படங்களில் பெரும்பாலும் எல்லாரும் இருப்பார்கள், திறந்த புத்தகம் ஒன்றைத் தவிர.

விழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் வேண்டும். ஆனால் அந்த வாரம் பலித்ததா இல்லையா என்பதை மேடையிலிருந்து சொல்ல முடியாது. நூல்நிலையத்தின் இரவல் ஏடுதான் சொல்லும். வாரத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வகுப்புவாரியாக எத்தனை நூல்கள் வெளியே போயின, முடிந்த பின் நான்கு வாரங்களில் எத்தனை போயின என்று இரண்டு வரி எழுதிப் பார்த்தால் போதும். பழைய எண்ணுக்கே திரும்பிவிட்டதென்றால் நாம் கொண்டாடியது புத்தகத்தை அல்ல. இரவல் ஏடே இல்லாத பள்ளிகள் முதலில் ஓர் ஏடு போடட்டும். தேதி, பெயர், வகுப்பு, நூலின் வரவு எண், திரும்பிய தேதி என ஐந்தே பத்திகள். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு அரை மணி நேரத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம்.

வாரத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டிய முதல் வேலை, புத்தகம் வாங்குவது அல்ல, கழிப்பது. அனைத்துலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 2002இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டி, மாணவர் ஒருவருக்குப் பத்து நூல்கள் என்றும், மிகச் சிறிய பள்ளியிலும் குறைந்தது 2,500 என்றும் சொன்னது. 150 பேருக்கும் குறைவான மாணவர் படிக்கும் நம் சிறிய பள்ளிகளுக்கு அது பெரிய எண்தான். அதை எட்டிக் காட்டுவதற்காகவே பலர் எதையும் கழிப்பதில்லை. ஒன்பது கோள்கள் என்று சொல்லும் அறிவியல் நூல் இன்னும் அலமாரியில் இருக்கிறது, புளூட்டோவை 2006இலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது தெரியாமல். பழைய பாடத்திட்டப் பயிற்சி நூல்கள், ஒரே தலைப்பில் நன்கொடையாக வந்த நாற்பது பிரதிகள், நிகழ்ச்சி மலர்கள் ஆகியவற்றுக்கு நடுவே கிடக்கும் நல்ல கதைப்புத்தகம் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. அந்த வழிகாட்டியிலேயே ‘புதுப்பித்த, பொருத்தமான’ நூல்கள் என்றுதான் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் ஏறிய நூல்களை நினைத்தபடி தூக்கி எறிய முடியாது. தனிப் பட்டியல் எழுதித் தலைமையாசிரியர் ஒப்புதலோடு முறைப்படிதான் கழிக்க வேண்டும். அதற்குள் அவற்றைப் பெட்டியில் கட்டி அறையை விட்டு வெளியேற்றுவதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை.

அடுத்தது அடுக்கும் முறை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்றும் நாட்டுப்புறக் கதைக்கு 398.2 என்றும் எண் உண்டு. நான்காம் ஆண்டுக்கு மேல் இதைக் கற்றுக் கொடுப்பது நல்லது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அவனுக்கு வேண்டியது அட்டைப்படம். நம் சிறுவர் படக்கதைகள் பெரும்பாலும் 16 முதல் 32 பக்கங்கள். முதுகுப்பகுதி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதில் தலைப்பு அச்சிட இடமே கிடையாது. இவற்றைப் பெரிய நூல்களைப் போல முதுகு தெரியும்படி நெருக்கி அடுக்கினால், அலமாரியில் வெறும் வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். அட்டை முன்னோக்கித் தெரியும்படி நெகிழிக் கூடைகளில் போடுங்கள். ஒரு கூடைக்கு இருபத்தைந்து நூல்களுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் விரலால் தள்ளிப் பார்க்க இடமிருக்காது. சுவர் ஓரமாக இடம் இருந்தால், இரும்புக் கடையில் கிடைக்கும் கூரை ஓரத்தில் மாட்டும் பிவிசி மழைநீர்த் தூம்பை நீளவாக்கில் பொருத்தினால் மலிவான காட்சித் தட்டு கிடைத்துவிடும். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 120 செண்டிமீட்டர். ஆகவே, மேல்தட்டு அந்த உயரத்தைத் தாண்டக் கூடாது. இத்தனையும் செய்துவிட்டுக் கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் தொங்கவிட்டால் பயனில்லை. பூட்டுக்குக் காரணம் கேட்டால், நூல் தொலைந்துவிடும் என்கிறார்கள். தொலையத்தான் செய்யும். நூற்றுக்கு ஐந்து போகும் என்று தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது. தொலைத்த பிள்ளையிடம் அபராதம் கேட்டால் அந்தப் பிள்ளையும் வராது, பக்கத்து மேசைப் பிள்ளையும் வராது. வேறொரு கதைப்புத்தகத்தைக் கொடுத்து ஈடு செய்யலாம் என்றால் பெற்றோரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தமிழில் நல்ல சிறுவர் நூல்கள் கிடைப்பதில்லை என்பது அடிக்கடி கேட்கும் குறை. முன்பு உண்மை. இன்று பாதி உண்மை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் நடத்திவரும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக உள்ளன. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை 250 சொற்கள் வரை, இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை. நம் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதல் நிலையிலிருந்து தொடங்குவதே சரி. பெரும்பாலானவை படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் இருப்பதால் பிடிஎஃப் கோப்பை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், காசும் கட்ட வேண்டியதில்லை, அனுமதிக் கடிதமும் வேண்டியதில்லை. ஆனால் எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் பெயர்கள் உள்ள பக்கத்தைத் தாள் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பெயர்களைப் போட வேண்டும் என்பதுதான் உரிமத்தின் நிபந்தனையே.

அச்சிடும்போது நேரும் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறோம். ஏ4 தாளை மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கங்கள் கிடைக்கும். ஆகவே, பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வர வேண்டும். 14 பக்கக் கதை என்றால் இரண்டு வெற்றுப் பக்கம் சேர்த்து 16 ஆக்குங்கள், நான்கு தாள் போதும். இருபக்க அச்சில் ‘குறுகிய விளிம்பில் திருப்பு’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக வரும். நூறு பிரதி ஓடிய பிறகு கண்டுபிடிப்பதைவிட, ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்ப்பது நல்லது. முதலாம் ஆண்டுக்கு ஏ5 எழுத்து சிறிது. அவர்களுக்கு ஏ3 தாளில் அடித்து ஏ4 நூலாக மடியுங்கள். மை தெளிக்கும் அச்சுப்பொறி வேண்டாம். ஈரக் கை பட்டால் நிறம் கரையும். லேசர் அச்சு தாங்கும்.

தைப்பதில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய பினாங்கில் சாதாரண ஸ்டேப்ளர் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். நடுமடிப்பில் பழுப்புக் கறை பரவி, அந்த இடத்திலேயே தாள் கிழியும். அதற்குப் பதில் பருத்தி நூலால் மூன்று துளைத் தையல் போடலாம். மடிப்பின் நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் விளிம்பிலிருந்து மூன்று செண்டிமீட்டர் தள்ளி ஒவ்வொரு துளை. நூலின் நீளம் மடிப்பைப் போல மூன்று மடங்கு. உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுங்கள். மேல்துளை வழியாக உள்ளே விடுங்கள். நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே கொண்டு வாருங்கள். இப்போது இரண்டு நுனிகளும் உள்ளே இருக்கும், நடுவில் ஒரு நீண்ட தையல் ஓடும். அந்த நீண்ட தையலுக்கு இருபுறமும் ஒவ்வொரு நுனி வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். இரண்டு நுனியும் ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு நிற்காது, நூல் தளர்ந்து தாள் ஆடும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதை ஒரு கலைக்கல்விப் பாடவேளையில் கற்றுக்கொண்டு கீழ்வகுப்புகளுக்கு நூல் தைத்துக் கொடுக்கலாம். வாசிப்பு வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி எங்களுக்குத் தெரியவில்லை. பரிசுகூட வேண்டியதில்லை. தைத்தவர் பெயர் பின்னட்டையில் இருந்தால் போதும்.

ஈரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகர் என்ற பட்டத்தை யுனெஸ்கோ கோலாலம்பூருக்கு அளித்தது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் தேதி கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பூட்டிய அறைகளில் கிடந்த நூல்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மீண்டும் பள்ளி திறந்தபோது அலமாரியைத் திறந்தவர்களுக்குத் தெரியும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊரில் பெரும்பாலான நாள்களில் அதற்கு மேல்தான். இதற்குப் பரிகாரம் என்று குளிர்சாதனம் வாங்கி, பள்ளி நேரத்தில் மட்டும் ஓடவிட்டு மதியம் அணைத்துவிடுகிறார்கள். அது நிலைமையை மோசமாக்கும். குளிர்ந்துபோன நூல்களின் மேல் மாலைக் காற்றின் ஈரம் படிந்து, கதவடைத்த அறையில் அப்படியே தங்கும். அதைவிட எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, காற்றாடியை ஓடவிடுவது மேல். அலமாரி சுவரை விட்டு ஐந்து செண்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். அடித்தட்டு தரையிலிருந்து பத்துப் பதினைந்து செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கரையான் ஏறும் மண்கோடும் கண்ணுக்குத் தெரியும், மழைத்தண்ணீர் நுழைந்தாலும் நூல் தப்பும். அந்துருண்டை போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் மூச்சு விடும் அறைக்கு அது ஆகாது. பூஞ்சணம் பிடித்த நூலை ஈரத்துணியால் துடைத்தால் வித்துகள் தாளுக்குள் இறங்கும். முகக்கவசம் அணிந்து, வெளியே எடுத்துச் சென்று, நிழலில் காற்றாட உலர்த்தி, காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். நேர் வெயிலில் காய வைத்தால் நிறம் வெளுக்கும், நெகிழி ஒட்டிய அட்டை சுருண்டுகொள்ளும். கிழிந்த பக்கத்துக்குச் சாதாரண ஒட்டுநாடா எதிரி. சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தாள்துண்டும் வெள்ளைப் பசையும் போதும்.

இனி வாரத்துக்குள் நடக்க வேண்டியவை. அவற்றில் முதன்மையானது சத்தமாகப் படித்துக் காட்டுவது. செலவில்லை, ஆனால் ஆயத்தம் வேண்டும். படிப்பவர் கதையை முன்பே இரண்டு முறை வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். பிள்ளைகளை அரைவட்டமாக மூன்று வரிசைக்கு மேல் போகாமல் தரையில் உட்கார வையுங்கள். முப்பது பேருக்கு மேல் வேண்டாம், பின்வரிசைக்குப் படம் தெரியாது. நூலை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்காமல், கன்னத்துக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளின் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். கீழ்நடுவில் கட்டைவிரல் வைத்துப் பிடித்தால் பக்கம் திருப்பும் கை படத்தை மறைக்காது. படம் முதலில், சொல் பிறகு. பக்கத்தைத் திருப்பியதும் இரண்டு நொடி பேசாமல் இருந்தால் பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். கதை முடிந்ததும் ‘இக்கதையின் நீதி என்ன?’ என்று கேட்கும் ஆசையைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அதுவரை புலியாகவும் யானையாகவும் இருந்த பிள்ளைகள் அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே தேர்வெழுதும் மாணவர்களாகிவிடுவார்கள். அதற்குப் பதில் அந்த நூலின் மூன்று நான்கு பிரதிகளை அங்கேயே மேசையில் வைத்து, இரவல் ஏட்டையும் பக்கத்தில் வையுங்கள். படித்துக் காட்டிய கதையைத்தான் பிள்ளைகள் முதலில் எடுப்பார்கள். ஒரே பிரதி என்றால் சண்டை வரும்.

மாறுவேடப் போட்டிக்குப் பெற்றோர் வாடகை உடை எடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் கதைப்புத்தகங்களே வாங்கிவிடலாம். போட்டி வேண்டுமென்றால் விதியை மாற்றுங்கள். அட்டை, பழைய துணி, வண்ணத்தாள் இவற்றால் செய்த ஒரே ஒரு பொருளைக் கொண்டு வரலாம். மேடையில் புத்தகத்தைத் திறந்து அந்தப் பாத்திரம் பேசும் மூன்று வாக்கியங்களைப் படிக்க வேண்டும். மதிப்பெண் படித்ததற்கு மட்டும்.

புத்தகப் பரிமாற்றச் சந்தை நன்றாக எடுபடும், ஆனால் கவனமில்லாவிட்டால் மனக்கசப்பில் முடியும். ஆளுக்கு மூன்று நூல்கள் வரை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். பயிற்சி நூல், எழுதிக் கிறுக்கியது, பக்கம் விட்டுப்போனது சேராது என்று பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படத்தோடு அறிவித்துவிடுங்கள். ஏற்றுக்கொண்ட நூலுக்கு ஒரு சீட்டு, மறுநாள் ஒரு சீட்டுக்கு ஒரு நூல். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்கள் வெறுங்கையோடு நிற்காமல் இருக்க, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதற்கு ஈடாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாணவர் எண்ணிக்கைக்குச் சமமான நூல்களைத் திரட்டி வைக்க வேண்டும். சந்தையை முதலாம் ஆண்டுக்குத்தான் முதலில் திறக்க வேண்டும். ஆறாம் ஆண்டை முதலில் விட்டால் படக்கதைகள் தம்பி தங்கைகளுக்கென்று பறந்துவிடும்.

எழுத்தாளரை அழைக்கும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. அவருடைய நூல்கள் இரண்டு வாரம் முன்பே வகுப்பறைக்குப் போகாவிட்டால், பிள்ளைகள் கேட்கும் கேள்வி ‘உங்களுக்கு எத்தனை வயது?’ என்பதாகத்தான் இருக்கும். பயணச் செலவும் சன்மானமும் கொடுங்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் பணத்தில் பாதி போதும்.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசலாம். வாரத்துக்கு 1,000 ரிங்கிட் கிடைத்தால், 700 நூல்களுக்கு, 150 அச்சுக்கும் தையலுக்கும், 100 நெகிழி உறைக்கும் பழுதுபார்ப்புக்கும், மீதி 50 மற்றதுக்கு. பதாகை அந்த ஐம்பதுக்குள் வரட்டும், அதில் ஆண்டைப் போடாவிட்டால் அடுத்த ஆண்டும் கட்டலாம். பரிசுகளும் நூல்களாகவே இருக்கட்டும், வென்ற பிள்ளையே கூடையிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். பெரியவர்கள் தேர்ந்தெடுத்தால் திருக்குறள் உரையும் தலைவர்களின் வரலாறும்தான் வரும். இரண்டும் நல்லவைதான், எட்டு வயதுக்குக் கொஞ்சம் முன்னதாக வந்துவிடுகின்றன.

கடைசியாக, கல்வி அமைச்சின் நிலாம் வாசிப்புத் திட்டத்துக்கான பதிவு. பிள்ளைகள் படித்ததைப் பதிவு செய்யும் வழக்கம் 1990களின் இறுதியிலிருந்து பள்ளிகளில் உள்ளது, இப்போது இணையத்தில் பதிகிறோம். பதிவு தேவைதான். ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்று பள்ளி அளவில் அறிவித்தால் விளைவு தெரிந்ததே. மிக மெல்லிய நூல்கள் மட்டும் காணாமல் போகும், பின்னட்டைக் குறிப்பே கதைச் சுருக்கமாக எழுதப்படும், சில வீடுகளில் அம்மாவே உட்கார்ந்து பதிவு செய்வார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் என்ற கட்டாயத்தால், படிக்க விரும்பும் பிள்ளையும் எழுத அஞ்சிப் படிப்பதை நிறுத்திக்கொள்ளும். வாசிப்பு வாரத்திலாவது எழுத்து வேலை எதுவும் இல்லை என்று அறிவித்துவிடலாம். ‘பிடித்தது’, ‘பரவாயில்லை’, ‘பாதியில் விட்டேன்’ என்ற மூன்றில் ஒன்றை நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் குறித்தால் போதும். மூன்றாவதைக் குறிக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. பலர் பாதியில் விட்ட நூல் எது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு எதை வாங்க வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக நாம் குறிப்பிடுவது 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பை. அந்த நெடிய வரலாற்றைப் பெருமையோடு எழுதும் தமிழ் நாளிதழ்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் மாதம் ஒரு முறையாவது புதிய சிறுவர் நூல்களைப் பற்றி நான்கு வரி போடுங்கள். பாராட்டுரை வேண்டாம். எந்த ஆண்டு மாணவருக்கு ஏற்றது, எத்தனை பக்கம், எழுத்து பெரியதா சிறியதா, ஒவ்வொரு பக்கத்திலும் படம் உண்டா, விலை எவ்வளவு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்ற விவரங்கள் போதும். நூல்நிலையப் பொறுப்பாசிரியர்கள் அதை வெட்டி வைத்துக்கொண்டுதான் ஆண்டுத் தொடக்கத்தில் நூல் பட்டியல் போடுவார்கள்.

இப்படிக்கு,
நூல்நிலையப் பணியில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.